ஸ்குவாடில் கற்ற இந்தி, ஆந்தை தந்த ஜெர்மன்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் பிறகு தலைவர்கள் மாறினார்கள், கூட்டணிகள் மாறின, சண்டை மட்டும் மாறவில்லை. அது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, 2018க்குப் பிறகு நம்மூர்ப் பையன்கள் பலர் யாரையும் கேட்காமல் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டுவிட்டார்கள். கற்றுக்கொடுத்தது பப்ஜி மொபைல்.

விளையாடாதவர்களுக்காகச் சின்ன விளக்கம். நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவர்களுக்கு வெற்றி. நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தும் ஆடலாம். அதுதான் ‘ஸ்குவாட்’. கூட ஆட நண்பர்கள் கிடைக்காத நேரத்தில் கேமே மூன்று அந்நியர்களைப் பிடித்துச் சேர்த்துவிடும். ஹெட்போனை மாட்டினால் பாட்னாவிலிருந்தோ இந்தூரிலிருந்தோ ஒரு குரல் ‘பீச்சே, பீச்சே!’ என்று கத்தும். பின்னால் ஆள் வருகிறான் என்பது முதல் தடவை புரியாது. புரியாததற்குத் தண்டனை உடனே கிடைக்கும்: செத்துப்போவோம். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சொல் மறக்காது. ‘ஊப்பர்’, ‘நீச்சே’, ‘ருக்’, ‘சல்’ எல்லாம் இப்படி உள்ளே போனவைதான். இவற்றோடு சேர்ந்து வந்த வசவுகளை இங்கே அச்சிட முடியாது.

மொழி கற்றல் ஆய்வில் இதற்கு ஒரு கோட்பாடே உண்டு. மைக்கேல் லாங் என்ற மொழியியலாளர் சொன்னது: இரண்டு பேர் பேசும்போது ஒருவருக்குப் புரியாமல் போகிறது, ‘என்ன?’ என்று கேட்கிறார், மற்றவர் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறார். இந்தத் தட்டுத்தடுமாறலில்தான் மொழி ஒட்டிக்கொள்கிறது. பப்ஜி ஸ்குவாடில் ஆட்டம் முழுக்க இந்தத் தட்டுத்தடுமாறல்தான் நடக்கும். 2020 செப்டம்பரில் அரசு அந்த கேமைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு அது ‘பிஜிஎம்ஐ’ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தபோது, வகுப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இதைப் பெரிய சாதனையாகக் கொண்டாடிவிட வேண்டாம். இப்படிக் கற்ற இந்தி கட்டளைகளால் ஆனது. வா, போ, நில், சுடு, மருந்து கொடு. அதில் இறந்த காலம் கிடையாது, மரியாதையும் கிடையாது. எதிரே நிற்பது வங்கி மேலாளராக இருந்தாலும் ஒருமையில்தான் கூப்பிட வரும். தேவநாகரி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1918இல் காந்தி தொடங்கிவைத்த தட்சிண பாரத இந்தி பிரசார சபா இன்றும் சென்னை தியாகராய நகரில் இருக்கிறது. அங்கே பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று வரிசையாகத் தேர்வு எழுதிச் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். டெல்லி ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் வேகமாக ஒரு வாக்கியம் பேசினால் அவர்களில் பலர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஒரு பக்கம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவன், மறுபக்கம் படிக்கத் தெரிந்து பேச வராதவர். மொபைல் கேம் மொழியைக் கற்றுத்தருமா என்று கேட்பவர்கள் முதலில் இந்த இருவரில் யாராக ஆக விரும்புகிறார்கள் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

ஸ்வீடனில் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் தொடும் ஆங்கிலத்தை வைத்து 2009இல் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் பியா சுண்ட்க்விஸ்ட். பின்னர் லிஸ் கெர்ஸ்டின் சில்வேனுடன் சேர்ந்து அவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு 11, 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. வாரத்தில் அதிக நேரம் கேம் ஆடியவர்கள் ஆங்கிலச் சொல்வளத்திலும் புரிதலிலும் முன்னால் நின்றார்கள். அவர்கள் ஆடியவை பாடம் சொல்லித்தரும் கேம்கள் அல்ல. அந்நியர்களோடு இணையத்தில் கூடி ஆடும் சாதாரண வணிக கேம்களும் அதில் உண்டு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான் அந்த கேம்களைத் தேடிப் போயிருக்கலாமே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஆங்கிலப் படங்களுக்குக் குரல் மாற்றம் செய்யாமல் எழுத்து வரிகளே போடுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் காதில் ஆங்கிலம் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

கற்பிக்கவென்றே செய்யப்படும் கேம்களின் கதை வேறு. அந்தக் கதையின் நாயகன் பச்சை நிற ஆந்தை, டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியின் சின்னம்.

டுவோலிங்கோவைத் தொடங்கியவர் லூயிஸ் வான் ஆன், குவாத்தமாலாக்காரர். அமெரிக்காவில் படிக்கப் போவதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. உள்நாட்டில் இடம் கிடைக்காமல் எல் சால்வடாருக்கு விமானத்தில் போய் எழுதியதாகப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இணையதளங்களில் நெளிந்த எழுத்துகளைக் காட்டி ‘நீ மனிதன்தானா?’ என்று கேட்கும் கேப்ட்சாவை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதன் அடுத்த வடிவமான ரீகேப்ட்சாவை 2009இல் கூகுள் வாங்கியது. அதன் தந்திரம் பிரமாதமானது. நாம் தட்டிய இரண்டு சொற்களில் ஒன்று பழைய அச்சுப் பக்கங்களில் கணினியால் படிக்க முடியாத சொல். நாமறியாமல் கோடிக்கணக்கானோர் சேர்ந்து புத்தகங்களைக் கணினிக்கு மாற்றிக்கொடுத்தோம், சம்பளமில்லாமல்.

அதே மூளைதான் மொழிக்கும் வந்தது. பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் செவெரின் ஹாக்கரோடு சேர்ந்து தொடங்கி, 2012இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். முதலில் போட்ட வணிகக் கணக்கு சுவையானது: மொழி கற்பவர்கள் பயிற்சியாக இணையக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பார்கள், அந்த மொழிபெயர்ப்பைச் செய்தி நிறுவனங்களுக்கு விற்கலாம். அது நீடிக்கவில்லை. விளம்பரமும் சந்தாவும் வந்தன. 2021இல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. 2024 முடியும்போது தினமும் அதைத் திறப்பவர்கள் 4 கோடிப் பேர்.

இத்தனை பேரை இழுத்துக் கட்டியது பாடத்தின் தரமா? இல்லை என்பதே என் எண்ணம். கட்டியது ‘ஸ்ட்ரீக்’. ஒருநாள் விடாமல் எத்தனை நாள் வந்தீர்கள் என்ற தொடர் எண்ணிக்கை அது. ஐந்து நிமிடம் ஆடினால் எண் ஒன்று கூடும், ஒருநாள் விட்டால் பூச்சியம். அதோடு வாராந்தரப் பட்டியல்: வெண்கலத்தில் தொடங்கி வைரம் வரை படிநிலைகள், முன்பின் தெரியாதவர்களோடு புள்ளிப் போட்டி. வான் ஆன் இதை ஒளிக்கவில்லை. 2023இல் அவர் நிகழ்த்திய டெட் உரையின் பொருளே, சமூக ஊடகம் போல விட முடியாத பழக்கமாகக் கற்றலை ஆக்குவது எப்படி என்பதுதான்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு, கல்யாண மண்டபத்தின் மூலையில் நின்று அவசரமாக ஒரு பாடத்தை முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஏற்கெனவே முடித்த, மிக எளிய பாடமாகத் தேடி எடுப்பார்கள். எண்ணைக் காப்பாற்ற அது போதும். மொழி அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்துவிட்டுப் போக மனம் வரவில்லை. ‘30 நாட்களில் இந்தி’ வகைப் புத்தகங்களை வாங்கி நான்காம் நாளோடு அலமாரியில் வைத்த தலைமுறை நாம். தினமும் ஐந்து நிமிடமாவது உட்கார வைப்பதில் அந்தப் புத்தகங்களை ஆந்தை ஜெயித்துவிட்டது.

ஆட்டத்துக்கு அடியில் மெய்யான ஓர் அறிவியலும் ஓடுகிறது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தமக்கு எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தம்மையே சோதித்துக்கொண்டார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது: மறதி முதலில் வேகமாகப் பாயும், பிறகு மெதுவாகும். மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி பார்த்தால் நினைவு முன்னைவிட நீண்ட காலம் தங்கும். 1972இல் செபஸ்டியன் லைட்னர் இதை அட்டைப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். சரியாகச் சொன்ன சொல் அடுத்த அறைக்குப் போகும், தாமதமாகத் திரும்பி வரும். தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே வந்துவிடும். டுவோலிங்கோவின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொருவர் நினைவில் எத்தனை நாளில் பாதியாகத் தேயும் என்று கணிக்கும் முறையை விளக்கினார்கள். லைட்னரின் பெட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைக்கப்பட்டுவிட்டது. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியராலும் இதைச் செய்ய முடியாது. சொற்களை மனதில் ஏற்றும் வேலையில் நல்ல கேமை மிஞ்சக் கடினம் என்று நான் நம்புவது இதனால்தான்.

சொல் ஏறினால் மொழி வந்துவிடுமா? இதற்கு விடை பார்க்க இப்போது நம்மூரில் நல்ல இடம், ஜெர்மனிக்குக் கிளம்பும் செவிலியர் கூட்டம். அங்கே மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை. நம் நர்சிங் கல்லூரிகளில் படித்தவர்கள் திருச்சியிலும் நாகர்கோவிலிலும் சென்னையிலும் ஜெர்மன் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் முழுச் செவிலியராக அங்கீகாரம் பெற, ஏ1இல் தொடங்கும் மொழித் தேர்வுப் படிகளில் பெரும்பாலும் பி2 நிலைவரை தெரிய வேண்டும். அவர்களில் பலரின் போனில் ஆந்தையும் இருக்கிறது. பேருந்தில் போகும்போது, இரவுப் பணியின் இடைவேளையில், சொல் சொல்லாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள்.

ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் சொற்பட்டியலைப் பார்த்தால் கேம் போதும் என்றுதான் தோன்றும். ஏ1 நிலைக்கு ஏறத்தாழ 650 சொற்கள், பி1 நிலைக்கு ஏறத்தாழ 2400. அதை எட்டுவது மலையைப் புரட்டுவதல்ல. வாசித்தல், கேட்டல் தாள்களில் இந்தச் சொற்கள் நன்றாகவே கைகொடுக்கும். சிக்கல் பேச்சுத் தேர்வில். பி1இல் பெரும்பாலும் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். முதல் பகுதியில் இருவரும் பேசி ஒரு திட்டம் போட வேண்டும். நோயாளியான நண்பரைப் பார்க்கப் போக வேண்டும்: எப்போது போகலாம், எதில் போகலாம், என்ன வாங்கிப் போகலாம் என்பது மாதிரி. எதிரே இருப்பவர் ‘சனிக்கிழமை எனக்கு முடியாது’ என்று சொல்லிவிட்டால், மனப்பாடம் செய்துவந்த அடுத்த வாக்கியம் பயனற்றுப் போகிறது. மறுக்க வேண்டும், மாற்று சொல்ல வேண்டும், சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டும், எல்லாம் அந்த நொடியில்.

திரையின் கீழே கலைந்து கிடக்கும் சொற்களைப் பொறுக்கி வாக்கியமாக அடுக்குவது கேமின் விருப்பமான பயிற்சி. தெரியாத சொல்லைக்கூட, தெரிந்ததையெல்லாம் அடுக்கிய பிறகு மிஞ்சியதை வைத்து ஊகித்துவிடலாம். பேச்சில் அப்படிக் கீழே எதுவும் கிடக்காது.

கனடாவில் இதே உண்மை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வழியாக வெளிப்பட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளிகள் அங்கே உண்டு. பல ஆண்டுகள் அப்படிப் படித்தவர்கள், கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பிழைகள் உதிர்ந்தன. கேட்பது போதாது, சொந்தமாக வாக்கியம் கட்டிச் சொல்லியாக வேண்டும் என்று மெரில் ஸ்வெயின் 1985இல் எழுதியது இதைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடம் முழுக்க பிரெஞ்சு ஒலித்தும் நடக்காதது, ஐந்து நிமிட ஆட்டத்தில் நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். டுவோலிங்கோவில் 34 மணி நேரம் செலவழித்தால் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஸ்பானிஷ் படித்ததற்குச் சமம் என்று 2012இல் ஓர் ஆய்வறிக்கை சொன்னது உண்மைதான். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அதே நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆந்தை பிறப்பதற்கு முன்பே, இந்தியக் கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு முயற்சி நடந்தது. அது இங்கே அவ்வளவாகப் பேசப்படவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேத்யூ காம் என்ற ஆய்வாளர், பேராசிரியர் ஜான் கேனியோடு சேர்ந்து ‘மில்லி’ என்ற திட்டத்தை 2004 வாக்கில் தொடங்கினார். ஸ்மார்ட்போன் பரவாத காலம். பட்டன் வைத்த சாதாரண செல்போனில் ஓடும் சின்னச் சின்ன கேம்கள் வழியாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்பது கேள்வி.

முதலில் சறுக்கல். மேற்கத்திய வீடியோ கேம் பாணியில் செய்த ஆட்டங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், எதற்காக ஓட வேண்டும், எதற்காகப் பொறுக்க வேண்டும் என்றே பிடிபடவில்லை. ஆய்வுக் குழு அங்கே ஒரு நல்ல காரியம் செய்தது. பிள்ளைகளைக் குறை சொல்லாமல், அவர்கள் தெருவில் என்ன ஆடுகிறார்கள் என்று கேட்கப் போனது. வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலுமாக மூன்று சமூகங்களில் நடந்த ஆய்வுகளை வைத்து 28 கிராமத்து ஆட்டங்களைப் பதிவு செய்து, அவற்றின் விதிகளைக் கழற்றிப் பார்த்து, வீடியோ கேம் விதிகளோடு ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டது. அதன் அடிப்படையில் புதிதாகச் செய்த கேம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

இதில் எனக்கு வியப்பில்லை. நம்முடைய கண்ணாமூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி கிடையாது, லெவல் கிடையாது. பிடிபட்டவன் அடுத்து பிடிப்பவனாகிறான். கபடியில் பாடிக்கொண்டே போனால்தான் ஆட்டம். வாய் நின்றால் ஆள் அவுட். ‘பூப்பறிக்க வருகிறோம்’ ஆட்டத்தில் பூப்பறிக்க வருவதும் பூவைக் கொடுக்க மறுப்பதும் இரண்டு வரிசைகளுக்கு இடையே நடக்கும் கேள்வி பதில். நம் தெரு ஆட்டங்களில் பெரும்பாலானவை வாயைத் திறக்க வைப்பவை, தனியாக ஆட முடியாதவை. மொழி கற்க இதைவிட நல்ல வார்ப்பு எங்கே கிடைக்கும்? ஆனால் போன் கேம் செய்பவர்கள் பார்ப்பது மேற்கத்தியப் பண்ணை விளையாட்டையும் மிட்டாய் விளையாட்டையும்.

மில்லி குழு அதே 2009இல் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டது. வட இந்தியக் கிராமம் ஒன்றில், பள்ளி முடிந்த பின் ஒரு பருவம் முழுக்க நடத்திய செல்போன் வகுப்பின் கணக்கு அது. எல்லாப் பிள்ளைகளும் ஏதோ கற்றார்கள். ஆனால் ஏற்கெனவே அடித்தளம் நன்றாக இருந்தவர்களே அதிகம் கற்றார்கள். கருவியை எல்லோர் கையிலும் கொடுத்தால் இடைவெளி குறையும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல சூடு. அந்த ஆய்வாளர்கள் இதை மழுப்பாமல் எழுதினார்கள். அடுத்து, 26 வாரங்கள் போனைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு, அவர்களாக எவ்வளவு ஆடுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஓரளவு கற்றல் நடந்தது, ஆர்வமும் இருந்தது. வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் கிடைக்கும் பொழுதில் நடந்தது என்பதுதான் அதில் முக்கியம்.

2019இல் கூகுள் இந்தியாவில் ‘போலோ’ என்ற வாசிப்புச் செயலியைக் கொண்டுவந்தது. பிறகு அதன் பெயர் ‘ரீட் அலாங்’ ஆனது, தமிழும் சேர்ந்தது. பிள்ளை உரக்க வாசிக்க, தியா என்ற பொம்மைப் பெண் கேட்டுத் திருத்துவாள். இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். வாயைத் திறக்க வைத்தது என்ற அளவில் அது சரியான பாதை.

இப்போது அடுத்த கட்டம் வந்துவிட்டது. 2023 முதல் டுவோலிங்கோவின் மேல்நிலைச் சந்தாவில் செயற்கை நுண்ணறிவோடு உரையாடலாம். 2024இல் லில்லி என்ற பாத்திரத்தோடு வீடியோ அழைப்பே வந்தது. பேச ஆள் இல்லை என்ற குறை தீர்ந்துவிட்டதா? பாதி தீர்ந்தது என்பேன். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று வாயே திறக்காதவர்களுக்கு இது பெரிய உதவி. இயந்திரம் சிரிக்காது, கடிகாரம் பார்க்காது. ஆனால் அளவுக்கு மீறி நல்லவனாக இருக்கிறது. எவ்வளவு சிதைந்த வாக்கியத்தையும் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுகிறது. மருத்துவமனையில் வலியோடு படுத்திருக்கும் எண்பது வயது ஜெர்மன் பாட்டி அவ்வளவு பொறுமை காட்ட மாட்டார். இதற்குச் செலவில்லாத மருந்தைச் சில மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்: பேச்சுப் பயிற்சிக்கு ஜோடி தேடுவதற்கென்றே டெலிகிராமில் குழுக்கள். காலையில் கேமில் சொல் சேர்ப்பது, இரவில் அந்த ஜோடியோடு அதைச் செலவழிப்பது. ஜெர்மன் படிக்கும் யாராவது என்னிடம் வழி கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழி வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் போன் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்கு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், அல்லது அவளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிடும். தனி ஆள், தனி போன், தனி ஸ்ட்ரீக் என்று கட்டிய கேம்கள் இந்த வீட்டை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுக்கப்பட்டிருக்கிறது. வகுப்புக்கு ஒரு கருவி, அதைச் சுற்றி முப்பது பிள்ளைகள். ஒரு வரிசை ஆங்கிலத்தில் கேட்க, எதிர் வரிசை பதில் சொல்ல, திரை நடுவராக மட்டும் இருக்கும் கேமை நம் கல்லூரி மாணவர்களே செய்துவிட முடியும். குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டத்தின் விதிகளுக்கு வெளியூர் போக வேண்டாம். பள்ளியின் மதிய இடைவேளையில் அரை மணி நேரம் மைதானத்து ஓரமாக நின்று பார்த்தால் போதும்.